தேர் போன பின் காணாமற்போன குடங்கள்

சார்ஜன் நானா,

காலையிலிருந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாசி மகம் நெருங்கிவிட்டது. புளியும் சாம்பலும் பித்தளையும் சேர்ந்த அந்த வாடை விரல் இடுக்கில் ஏறிக்கொண்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யுத்தம் வந்ததிலிருந்து கடதாசிக்கும் தட்டுப்பாடு. வீட்டுக் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கம்தான் கிடைத்தது. பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் பின்னால் உங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மவுத்தான அன்று மாத்தளையில் விடாத மழை. எங்கள் சந்துக்குள் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லை. நீங்கள் எனக்கு அண்ணனும் இல்லை, சொந்தமும் இல்லை, எங்கள் சாமி கும்பிடுகிறவரும் இல்லை. சந்தின் கடைசி வீட்டில் குடியிருந்த மலாய்க்காரப் பொலிஸ் சார்ஜன். ஊருக்கெல்லாம் நீங்கள் ராலாமி. நானும் ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டபோது சிரித்தீர்கள். "ராலாமிங்கிறது இந்தச் சட்டைக்குத்தான் தங்கச்சி. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டா நான் உங்க சந்து ஆளு" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு நீங்கள் சார்ஜன் நானா.

அம்மன் தேர் எங்கள் சந்து முனையால் முதன்முதலாகப் போன வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய தெருவில் மதகை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் தேரை நம் பக்கமாகத் திருப்பி விட்டார்கள். எங்களுக்கெல்லாம் தலைகால் தெரியாத சந்தோஷம். விடிவதற்கு முன்பே வாசல் கழுவி, கோலம் போட்டு, வாழைக்குருத்து கட்டி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடம் நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்தோம். ஒரு வீட்டிலும் கதவு சாத்தவில்லை. அம்மன் வாசலுக்கு வருகிற நாளில் கதவைப் பூட்டி வைப்பதை எங்கள் ஆட்கள் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். வீட்டில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் எல்லோரும் தேருக்கு முன்னாலேயே கோயில் வரைக்கும் நடந்து போனோம்.

திரும்பி வந்தபோது குடங்கள் இல்லை.

செல்லம்மா அக்கா வீட்டில் இரண்டு குடம். அவருடைய கல்யாணச் சீர். கிறிஸ்து வேதக்காரர்களானாலும் எங்களோடு தண்ணீர் வைத்துத் தேர் பார்க்க வந்த தச்சாசாரியார் வீட்டில் ஒரு குடமும் ஒரு பெரிய செம்பும். எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்துக் குடம். இப்படி வீட்டுக்கு ஒன்று, இரண்டு. வேறு எதுவும் போகவில்லை. பெட்டி, துணி, நகை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அது யாருக்கும் ஆச்சரியமாகப் படவில்லை. ஏனென்றால் கள்ளன் யார் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கிரிபண்டாவைச் சொல்கிறேன். லக்கலப் பக்கம் காடு வெட்டிப் போட்ட சேனைப் பயிரை யானை மிதித்துப் போட்டுவிட்டது என்று, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, சந்தின் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டிலை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக விறகு பிளந்துகொண்டிருந்த சிங்கள மனுஷன். பெண்சாதி மெனிக்கேவுக்கு நிறைமாதம். அதனால் தேரன்று அவன் மட்டும் எங்கேயும் போகாமல் கொட்டிலிலேயே இருந்தான். சந்து முழுக்க வெறுமையாகக் கிடந்த நேரத்தில் அங்கே இருந்த ஒரே ஆம்பளை. அது போதாதா?

மறுநாள் காலை என் வீட்டுக்காரர்தான் முதல் ஆளாக ஸ்டேசனுக்குப் போனார். மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற முதலாளி என்று அவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. முறைப்பாட்டில் முதல் கையெழுத்து அவருடையது. அவருக்குப் பின்னால் சந்து ஆம்பளைகள் எல்லோரும் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் துரை உடனே ஆளைப் பிடித்து ஸ்டேசன் கூட்டில் போடச் சொன்னார். திங்கட்கிழமை கோர்ட்டு என்றார்கள். கோர்ட்டில் முதலாளிமார் சொல்லுக்கு எதிரே ஒரு விறகுவெட்டியின் சொல் எடுபடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆள் மறியலுக்குப் போய்விடுவான். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் கள்ளன் என்ற பெயரோடு பிறக்கும். கொட்டில்காரர் அன்றைக்கே மெனிக்கேயிடம், இடத்தைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை நீங்கள் சந்து முனைப் பீலிக்கு வந்தீர்கள். என்னோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொம்பளைகளுக்கு எட்ட நின்று, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்னென்ன காணாம போச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றீர்கள்.

செல்லம்மா அக்கா வாளியை டங்கென்று வைத்தார்.

"என்னத்த எழுதுறது ராலாமி? எடுத்தவன்தான் உங்க கூட்டுக்குள்ள குந்தியிருக்கானே!"

"குடம் எப்படி இருக்கும்னு கேக்குறேன் அம்மா."

"குடம் குடம் மாதிரிதான் இருக்கும். லக்கலயில யானை தொரத்துனா அவன் நம்ம சந்துக்கா ஓடி வரணும்? வேற ஊரே இல்லையா?"

"அவ வயித்தப் பாத்தீங்களா, எனக்கு அப்பவே சந்தேகம். அதுக்குள்ள ஒரு குடம் இருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

சாயங்காலம் நான் விளக்கேற்றி முடித்த கையோடு உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். ஆம்பளை இல்லாத வீடு என்று நீங்கள் படியேறவில்லை. உங்கள் வீட்டம்மா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நீங்கள் வெளியே, பாக்குமரத்தடியில் நின்றபடியே பேசினீர்கள்.

"தங்கச்சி, கொட்டிலைத் தோண்டாத குறையா பாத்துட்டேன். ஒண்ணுமில்ல. பாத்திரக் கடையிலயும் விசாரிச்சேன். யாரும் விக்க வரல. இத்தனை குடத்த ஒரு மனுசன் எங்க கொண்டு போய் வைப்பான்?"

"எனக்கு என்ன தெரியும் நானா?"

"நான் நேத்து தேருக்கு முன்னால கயிறு பிடிச்சு நின்னேன். வெயிலுக்கு ரோடு கொதிச்சிச்சு. காவடிக்காரங்க காலு பொத்துப் போகும்னு பொம்பளப் புள்ளைங்க ஓடி ஓடித் தண்ணி ஊத்துச்சுங்க. அதுல பாதிப் பேரு டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற களுதாவளை ஆளுங்க. நான் அந்தப் புள்ளைங்களப் பாத்திருக்கேன். அவ்வளவு தூரத்துல இருந்து ஒருத்தி நெறகுடத்தத் தூக்கிட்டு வருவாளா? எங்க எடுத்தாங்க தண்ணிய?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தேரன்று யார் வீட்டு வாசலில் இருக்கிற தண்ணீரும் அம்மன் தண்ணீர்தான். கேட்டு எடுக்கிற வழக்கம் இல்லை. ஊற்றிவிட்டு அந்த வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுவார்கள். ஆனால் எங்கள் சந்து அவர்களுக்குப் புதுசு. தேர் நகர நகர அவர்களும் நகர்ந்திருப்பார்கள். குடம் கைமாறிக் கைமாறிப் போயிருக்கும்.

"தேர் நின்ன எடத்துல கெடந்த பாத்திரத்த எல்லாம் யாரு எடுத்து வைப்பாங்க?" என்று கேட்டீர்கள்.

"கோயில் ஆளுங்க. களஞ்சிய அறையில வைப்பாங்க."

"அதான். அந்த அறைக்குள்ள நான் போக முடியாது. இந்த பூட்சோட வாசப்படிய மிதிச்சேன்னா குடம் கெடைக்காது, கலவரந்தான் கெடைக்கும். இன்ஸ்பெக்டர் தொரைக்கிட்ட சொன்னா அவரு கடுதாசி எழுதி ஆளனுப்புவாரு. அதுவும் ஆகாது. நீங்க போய்ப் பாருங்க. இருக்கு, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது ஆண்டவன் விட்ட வழி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் நாங்கள் சில பெண்கள் கோயில் விளக்குகளையும் பாத்திரங்களையும் தேய்த்துக் கொடுப்பது வழக்கம். புளி உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். கோயில் மணியக்காரரிடம் அறைச் சாவி வாங்கி, தேருக்கு வந்த பாத்திரமும் கழுவ வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். மூலையில் வாழைச்சருகுக்குப் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தது. இருட்டு அறை. குடத்தின் கழுத்தை விரலால் தடவினேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் பாத்திரம் தேய்க்கும்போது விளிம்பில் புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்கும் பெயர்களைத் தடவி, இது என்ன, அது என்ன என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுத்துக் கூட்டினேன். அந்த அறையில் கண்ணை விட விரல்தான் எனக்கு உதவியது. செ, ல், ல... செல்லம்மா அக்கா தகப்பனார் மகளுக்கென்று வெட்டிக் கொடுத்த பெயர். அடுத்தது தச்சாசாரியார் வீட்டுக் குடம். அடியில் எங்கள் மாமியார் பெயர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாயே, நீ இங்கேயே வைத்துக்கொண்டு, அங்கே ஒரு மனுஷனைக் கூட்டில் போட விட்டாயே என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

மணியக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் கறுத்தது.

"அம்மன் காலடிக்கு வந்த பொருளு. காணிக்கைன்னு எடுத்து வச்சாச்சு. இனி வாசல் தாண்டாது."

"நான் குடம் கேக்கல ஐயா. இது இங்க இருக்குன்னு ஒரு வார்த்த வெளிய போகணும்."

"போனா? கோயில்ல கள்ளப் பொருள் இருந்திச்சுன்னு பேராகும். பொலிஸ் உள்ள வரும். என்னால ஏலாது அம்மா. நீங்க பாத்திரத்தத் தேச்சுட்டுப் போங்க."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அம்மன் பொருளைக் காப்பதுதான் அவர் வேலை. நானும் சந்நிதிக்கு வந்த பொருளைத் திருப்பி எடுக்கத் துணிகிறவள் அல்ல. குடத்தை எடுத்தால் பாவம். எடுக்காமல் வாயை மூடிக்கொண்டு போனால் அதைவிடப் பெரிய பாவம். கற்பூரம் ஏற்றுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நேரே செல்லம்மா அக்கா வீட்டுக்குப் போய், "அக்கா, ஒண்ணும் கேக்காம என்கூட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

தன் குடத்தைப் பார்த்ததும் அவர் ஓடிப்போய் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி. பிறகு அது எந்த இடம் என்று நினைவு வந்து, மெல்ல இறக்கி வைத்தார். முந்தானையால் அதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். செல்லம்மா அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏண்டி, அம்மனே கேட்டு வாங்கிக்கிட்டாளா?"

"அப்படித்தான் வச்சுக்குங்க அக்கா."

"எங்கப்பா குடுத்ததுடி..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. நான் குடுத்தேன்னே இருக்கட்டும். களவு போகல, நான் குடுத்தேன். ஐயா, கேட்டுக்குங்க! செல்லம்மா குடுத்தா. இப்ப எவன் வந்து இதக் கள்ளப் பொருள்னு சொல்லுவான்?"

மணியக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கும் நெஞ்சில் பாரம் இறங்கியிருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் சந்துப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்து, கொஞ்சம் அழுது, கொஞ்சம் முணுமுணுத்து, கொடுத்தோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பீலியில் வயிற்றைப் பார்த்துச் சிரித்தவள் மட்டும் வாசலோடு நின்றுகொண்டாள். அவள் குடம் நெளிந்து போயிருந்ததாம், வேண்டாமாம்.

கஷ்டமாக இருந்தது எங்கள் ஆம்பளைகளிடம்தான்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. இப்ப போய் இல்லன்னு சொன்னா இன்ஸ்பெக்டர் என்னத்த மதிப்பாரு? ஊர் சிரிக்காதா?" என்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார்.

நான் சொல்லி அவர் கேட்டிருக்கமாட்டார். மறுநாள் காலை நீங்கள் கடைக்குப் போய், மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து, அவரோடு தேநீர் குடித்தீர்களாம். தப்பு என்ற சொல்லே உங்கள் வாயில் வரவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். "முதலாளி, சந்துப் பொருள் கெடச்சிருச்சாம், நல்ல சேதி. ஸ்டேசனுக்கு வந்து ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றீர்களாம். அவர் தயங்கினாராம்.

"எழுதிக் குடுத்தா நீங்களே அவன விட்டுருவீங்கல்ல? நான் எதுக்கு அவன் மூஞ்சியில முழிக்கணும்?"

"விட்டுருவேன். ஆனா நான் கொண்டாந்து விட்டா, பொலிஸ் விட்ட கள்ளன்னுதான் சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. நீங்க போய்க் கூட்டிட்டு வந்தா அவன் சந்து ஆளு. எந்தப் பேரு அவனுக்கு வேணும்னு நீங்களே சொல்லுங்க முதலாளி."

அவர் கடையைச் சாத்திவிட்டு எழுந்தார். தச்சாசாரியாரையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பளைகள் கூட்டமாகச் சந்துக்குள் திரும்பினார்கள். கிரிபண்டா பழக்க தோஷத்தில் எல்லோருக்கும் பின்னால் தலை குனிந்து வந்தான். நீங்கள் சந்து முனையிலேயே நின்றுவிட்டீர்கள், உள்ளே வரவில்லை. அங்கிருந்தே அவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னீர்கள், முன்னால் போ என்றிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நின்று, திரும்பிப் பார்த்து, வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை அவன் பக்கமாகச் சாய்த்து அவனைத் தன்னோடு நடக்க வைத்தார். பீலியில் நின்ற பெண்கள் வழி விட்டார்கள். மெனிக்கே கொட்டில் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மம கிவ்வனே, ஹொரெக் நெவெய்னு மம கிவ்வனே" என்று அழுதாள். நான் சொன்னேனே, கள்ளன் இல்லையென்று சொன்னேனே என்று. யாரிடம் சொன்னாள், எங்களில் யார் அதைக் காதில் வாங்கினோம் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிள்ளை அந்தக் கிழமையே பிறந்தது. பெண் பிள்ளை. நாடி பிடித்து, வெந்நீர் வைத்து, தொப்புள்கொடி அறுத்தது செல்லம்மா அக்கா. ஆனாலும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்க் கணக்கு. கிரிபண்டா எங்கள் வீட்டுக்கு மட்டும் வெகுகாலம் விறகு பிளக்க வரவில்லை. என் வீட்டுக்காரர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று கும்பிடுவான், நிமிர்ந்து பார்க்கமாட்டான். அந்தக் கும்பிடு அவருக்கு உள்ளே குத்தியது. வாய் திறந்து அவர் சொல்லவில்லை. ஆனால் சந்தையிலிருந்து வரும்போது கொட்டில் பக்கம் ஒரு தேங்காயை வைத்துவிட்டு வருவார்.

அடுத்த வருஷமும் தேர் நம் பக்கமாகவே என்றானபோது நீங்கள் எல்லோரையும் பீலிக்கருகே கூப்பிட்டது, இன்னொருவனுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் என்று நினைக்கிறேன். கதவைப் பூட்டச் சொல்லித் தண்டோரா போட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம். பூட்டமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்களாம். "அப்ப என்ன செய்றதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக் குடுக்கிறேன்" என்று எங்களிடமே கேட்டீர்கள். குடங்களையெல்லாம் சந்து முனையில் ஒரே வரிசையில் வைப்போம், கழுத்தில் மஞ்சள் துணி கட்டுவோம், ஊற்றுகிறவர்கள் எங்கள் சந்துப் பிள்ளைகளாகவே இருப்பார்கள் என்று பெண்கள் சொன்னோம். வீடுகளைப் பார்த்துக்கொள்ள நீங்களும் வேதக்காரர்களான தச்சாசாரியார் வீட்டாரும் நின்றீர்கள். பெருநாள் காலையில் நீங்கள் பள்ளிவாசலுக்குப் போகும்போது எங்கள் ஆம்பளைகள் உங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதற்குக் கூலியாக உங்கள் வீட்டம்மா அனுப்பிய வட்டிலாப்பத்தை நான் சட்டி வழித்துத் தின்றது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். இன்ஸ்பெக்டர் துரை இதையெல்லாம் தன்னுடைய ஏற்பாடு என்று மேலே எழுதிப் பாராட்டு வாங்கினாராம். "வாங்கட்டும் தங்கச்சி, அவருக்கும் ஒரு பெருநாள் வேணும்" என்றீர்கள்.

வெகுகாலத்துக்குப் பிறகு, நீங்கள் வேலையிலிருந்து ஓய்வெடுத்து மூச்சிரைப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு நாள் உங்களைக் கேட்டேன். சந்தில் இத்தனை பெண்கள் இருக்க, அன்றைக்கு ஏன் என்னைத் தேடி வந்தீர்கள் என்று.

"பீலியில அத்தனை பேரும் அவன் பேரச் சொன்னாங்க. நீங்க ஒருத்திதான் வாயத் தொறக்கல. முடிவு பண்ணாத ஆளு ஒண்ணாவது இருக்குன்னு நெனச்சேன்" என்றீர்கள்.

நான் தலையாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை நானா. தேருக்கு மறுநாள் எனக்கு மௌன விரதம். விளக்கு வைக்கும் வரைக்கும் பேசக்கூடாது. பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அம்மன்தான் அன்று என் வாயைக் கட்டி வைத்தாள்.

இப்போது கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலம். போன கிழமை கூப்பன் அரிசி கொடுக்கிற சங்கக்கடையில் ஒரு மூட்டை குறைந்துவிட்டது என்று சந்தில் பேச்சு. பீலிக்கருகே கூடி நின்று எல்லோரும் ஒரு பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாளியைக் கையில் பிடித்தபடி, புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருத்தி மட்டும் பேசாமல் நின்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே அம்மா?" என்று கேட்டேன்.

அவள் பயந்துபோய், "எனக்குத் தெரியாதே அத்தை, நான் பாக்கலையே" என்றாள்.

நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.